ராயல் கோர்ட்டில் பாக்கியநாதன்

மகள் ஜெபமலரின் கல்யாணத்துக்கு இன்னாசிமேரி தன் வாயால் "சம்மதம்" என்று சொல்கிறவரை இந்த வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று பாக்கியநாதன் சபதம் செய்தபோது, அவருடைய ஒரு கால் ஏற்கெனவே தெருவில் இருந்தது. நல்ல கம்பீரமான சபதம். எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிற அளவுக்குக் குரலும் எடுபட்டது. ஒரே ஒரு சங்கடம், செருப்பு உள்ளே இருந்தது. சபதம் செய்த சூட்டோடு எப்படித் திரும்ப உள்ளே போவது என்று அவர் வெறுங்காலோடு யோசித்துக்கொண்டிருக்கையில், இன்னாசிமேரி செருப்பைக் கொண்டுவந்து வாசலில் ஜோடியாக வைத்தாள். கூடவே ஒரு சின்ன டிரங்குப் பெட்டி. திறந்து பார்த்தால் வேட்டி, சட்டை, பல்பொடி, ஜெபமாலை எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன.

கோபித்துக்கொண்டு போகிற புருஷனுக்குப் பெட்டி கட்டிக் கொடுக்கிற மனைவியை எந்த ஊரிலாவது கண்டிருக்கிறீர்களா? பாக்கியநாதனுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் ஆத்திரமாக இருந்தது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் டிரங்குப் பெட்டிக் கடை வைத்திருந்தார் அவர். கடையில் அவர் சொல்தான் சட்டம். தகரத்தை மடி என்றால் மடியும், நிமிர் என்றால் நிமிரும். வீட்டுக்கு வந்தால் மடிவதும் நிமிர்வதும் அவராக இருந்தார். இருபது வருஷமாக இப்படியே போய்விட்டது. அந்த அறுபத்தொன்றாம் வருஷம் ஜெபமலர் எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாகத் தேறினாள். திருச்சியில் கன்னியர் மடத்து ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் சேரவேண்டும் என்று ஆசைப்பட்டாள். தாயும் சரி என்றாள். அதற்குள் பாக்கியநாதன் மேட்டூர் சவரிராயனுக்கு வார்த்தை கொடுத்துவிட்டார்.

சவரிராயன் மேட்டூர்க் கோயிலில் மாதா சபைத் தலைவர். தினப்பூசைக்குத் தவறாதவர், சிரிப்பதற்குக்கூடக் காரணம் கேட்கிறவர். அவருடைய மகன் அற்புதராஜ் கெமிக்கல் கம்பெனியில் வேலையாக இருந்தான். நல்ல பையன்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு பெண் படிப்பதாவது, வேலைக்குப் போவதாவது என்று சவரிராயன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பாக்கியநாதனும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். வீட்டில் கேட்காமல் அவர் எடுத்த முதல் முடிவு அது. அதனால் அதை விட்டுவிட மனமில்லை.

"வார்த்தை குடுத்தாச்சு. வார்த்தை தவறினா நான் மனுசனில்ல" என்றார்.

"வார்த்தை தவற வேண்டாங்க. நான் சம்மதிக்கல, அவ்வளவுதான்" என்றாள் இன்னாசிமேரி. அதற்கு மேல் அவள் பேசவில்லை. பேசியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். பேசாத ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? அதனால்தான் சபதம்.

தம்பி வீட்டுக்குப் போனால் மாலைக்குள் சமாதானம் செய்து கூட்டிவந்துவிடுவார்கள். சத்திரத்தில் தங்கினால் பரிதாபமாக இருக்கும். கோபித்துக்கொண்டு போனவன் முன்னைவிடச் சௌகரியமாக இருக்கிறான் என்று தெரிந்தால்தானே வீட்டில் வயிறெரியும்? ஆகவே பாக்கியநாதன் நாமக்கல் பஸ் ஏறி, நேராக ஓட்டல் ராயல் கோர்ட்டில் போய் இறங்கினார்.

அந்தக் கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தில் நிஜமாகவே கோர்ட்டாக இருந்தது. தடித்தடியான தூண்கள், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கதவுகள், ஜன்னலில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். கோர்ட் வேறு இடத்துக்குப் போனதும் ஒரு லாரி முதலாளி அதை ஏலத்தில் எடுத்து, சுவருக்கு ரோஜா வர்ணம் அடித்து, பம்பாயிலிருந்து நாற்காலிகள் தருவித்து ஓட்டலாக்கிவிட்டார். கோர்ட்டுக்கு முன்னால் 'ராயல்' சேர்த்ததும் பெயர் வைக்கிற வேலையும் முடிந்தது. சாட்சிக் கூண்டில் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். குற்றவாளிக் கூண்டில் கைகழுவும் பேசின் வைத்திருந்தார்கள். நீதிபதியின் மேடையில் ஒரு ரேடியோகிராம் பாடிக்கொண்டிருந்தது. சினிமாக் கம்பெனிக்காரர்கள் அந்தப் பக்கம் படம்பிடிக்க வந்தால் அங்கேதான் தங்குவார்கள். அப்போதும் ஒரு நடனக் குழு தங்கியிருந்தது.

பழைய கோர்ட்டில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த டவாலி தீர்த்தகிரியை மட்டும் முதலாளி மாற்றவில்லை. தலைப்பாகை, குறுக்குப் பட்டை, எல்லாம் அப்படியே. உத்தியோகம்தான் மாறியதே தவிர வாய் மாறவில்லை. சாப்பாடு தயாரானால் வாசலில் நின்று, "பாக்கியநாதன்... பாக்கியநாதன்... பாக்கியநாதன்..." என்று மூன்று தரம் கூவுவார். முதல் நாள் பாக்கியநாதன் கைகளைக் கட்டிக்கொண்டுதான் சாப்பாட்டு அறைக்குள் போனார்.

அவருக்குக் கிடைத்தது நீதிபதியின் சொந்த அறை. கட்டில் அத்தனை உயரம், ஏறுவதற்கு முக்காலி போட்டிருந்தார்கள். குளிப்பதற்குப் பீங்கான் தொட்டி. அதில் உட்கார்ந்து குளிப்பதா, படுத்துக் குளிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. வெளியே நின்று செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டார். டீயைத் தனியாக, பாலைத் தனியாக, சர்க்கரையைத் தனியாகக் கொடுத்தார்கள். வீட்டை விட்டு வந்தவனைப் போல எல்லாமே தனித்தனியாக இருந்தது. சூப் என்று ஒன்று வந்தது. ரசத்துக்கு ஜுரம் வந்தால் அப்படி இருக்கும்.

ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ராசு சேலம் நாமக்கல் பஸ்ஸில் கண்டக்டர். பஸ் ஓட்டல் வாசலில் நிற்கும். பாக்கியநாதன் தினமும் அங்கே போய் நின்று, தான் என்ன சாப்பிட்டார், எதில் படுத்தார் என்று விலாவாரியாகச் சொல்லி அனுப்பினார். "தினம் மத்தியானம் மட்டன் கட்லெட். மறக்காம சொல்லிடு" என்றார். கூட்டாமல் குறைக்காமல் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

முதல் தடவை ராசு திரும்பி வந்தபோது, "கேட்டுட்டு என்ன சொன்னா?" என்று ஆவலோடு விசாரித்தார்.

"ஒண்ணும் சொல்லலீங்க. வாசத் தெளிச்சுக்கிட்டு இருந்தாங்க. பாட்டுப் பாடிக்கிட்டு."

"என்ன பாட்டு?"

"மாதா பாட்டுங்க. சந்தோசமான பாட்டுத்தான்."

அன்றைக்கு அவருக்குக் கட்லெட் இறங்கவில்லை. மறுநாள் மனசு தளர்ந்துவிட்டது. கருவாட்டுக் குழம்பு ஞாபகம் வந்தது. இன்னாசிமேரி அதட்டுவதுகூட ஞாபகம் வந்தது. மகள் முகம் வேறு கண்ணுக்குள் நின்றது. போதும், போய்விடலாம் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார். ராசு இறங்கி வந்தான். பெட்டியைப் பார்த்தான்.

"அக்கா சொன்னது சரியாப் போச்சுங்க" என்றான்.

"என்ன சொன்னா?"

"இன்னிக்கு எப்படியும் வந்துருவாரு, அவருக்கு இதுக்கு மேல தாங்காது, உலையில ஒரு படி சேத்துப் போட்டிருக்கேன்னு சொன்னாங்க."

பாக்கியநாதனுக்குக் காது சிவந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனார். இனி அந்தத் தொட்டியில் படுத்தே குளிப்பது என்று தீர்மானித்தார். குளிக்கவும் குளித்தார். வேட்டிகளை வெளுக்கப் போட்டுவிட்டு, ஓட்டலில் கொடுத்த பட்டு அங்கியை மாட்டிக்கொண்டு கோர்ட் முழுக்க நடந்தார். கிழமையெல்லாம் மறந்துபோனது. ராயல் கோர்ட்டில் எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை மாதிரிதான் இருந்தது.

அங்கே சேலத்தில் சவரிராயன் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க வந்து இறங்கினார். இன்னாசிமேரி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, பணிவாக நின்று, எல்லாவற்றையும் தன் வீட்டுக்காரர்தான் முடிவுசெய்ய வேண்டும் என்றாள். அவர் எங்கே என்று சவரிராயன் கேட்டார். நாமக்கல் கோர்ட்டில் இருக்கிறார் என்றாள். சவரிராயன் திடுக்கிட்டு, ஏதாவது வழக்கா என்றார். வழக்கெல்லாம் இல்லை, வழக்கமாக இப்போது அங்கேதான் இருக்கிறார் என்றாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குப் போனால் கட்டாயம் பார்க்கலாம் என்றும் சொன்னாள். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பாக்கியநாதன் பட்டு அங்கியோடு சாப்பாட்டு மேஜையில் இருந்தார். மேடையில் ரேடியோகிராம் பாட, நடனக் குழுப் பெண்கள் சலங்கை கட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியநாதன் கோயில் பாடல் குழுவில் இருபது வருஷமாகத் தாளம் போடுகிறவர். தாளம் தப்பினால் அவருக்குப் பொறுக்காது. ஒரு பெண் மறுபடி மறுபடி அடி தப்பவே, அவர் முள்கரண்டியால் தட்டில் தட்டி, "தக்கிட, தக்கிட, இந்த இடத்துல வலது காலும்மா" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். முள்கரண்டியின் நுனியில் அரைக் கட்லெட் இருந்தது.

வாசலில் தீர்த்தகிரியின் குரல் கேட்டது.

"சவரிராயன்... சவரிராயன்... சவரிராயன்..."

ஜரிகை அங்கவஸ்திரமும் கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறுமாகச் சவரிராயன் உள்ளே வந்தார். தூணோரம் நின்றார். சலங்கைகளைப் பார்த்தார். பட்டு அங்கியைப் பார்த்தார். கடைசியாக அவர் கண் முள்கரண்டியின் நுனியில் போய் நின்றது.

"சம்பந்தி, வாங்க. உக்காருங்க" என்று எழுந்தார் பாக்கியநாதன்.

"வெள்ளிக்கிழமை" என்றார் சவரிராயன்.

"என்னங்க?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

பாக்கியநாதன் கட்லெட்டைப் பார்த்தார். வெள்ளிக்கிழமையில் கவிச்சி தொடாத குடும்பம் அவருடையது. அவர் அப்பாவும் தொட்டதில்லை, தாத்தாவும் தொட்டதில்லை. முள்கரண்டியை அவசரமாக உதறினார். கட்லெட் கழன்று மேஜைமேல் விழுந்தது. நாள் மறந்துபோச்சு, வேட்டி வெளுக்கப் போயிருக்கு, இந்தப் பிள்ளைங்க யாருன்னே தெரியாது என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். அவ்வளவும் உண்மை. ஒன்றுகூட உண்மை மாதிரி ஒலிக்கவில்லை.

"ஏனுங்க, அவருக்கும் ஒரு கட்லெட்டு வெக்கச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார் தீர்த்தகிரி.

சவரிராயன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினார். வாசலைத் தாண்டும்போது, மேட்டூரில் வேறு பெண் பார்த்துக்கொள்கிறோம், கொடுத்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று தீர்த்தகிரியிடம் சொல்லிவிட்டுப் போனார். தீர்த்தகிரி பழக்க தோஷத்தில் அதை உள்ளே வந்து தீர்ப்பு வாசிப்பது போலச் சபை நடுவே உரக்கச் சொன்னார்.

மறுநாள் ராசுவின் பஸ்ஸிலிருந்து இன்னாசிமேரியும் ஜெபமலரும் இறங்கினார்கள். பாக்கியநாதன் வராந்தாவில் வெளுத்த வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனால் மனைவியைப் பார்த்ததும் மீசை துடித்தது. இத்தனை நடந்தும் அவருக்கு வீம்பு தணியவில்லை.

"எல்லாம் உன் வேலைன்னு எனக்குத் தெரியும். என்ன பண்ணினாலும் சரி, நீ சம்மதம் சொல்லாம நான் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்" என்றார்.

"சம்மதம்" என்றாள் இன்னாசிமேரி.

அவர் விழித்தார்.

"மேட்டூர்ப் பையனுக்கே ஜெபமலரக் குடுக்க எனக்குப் பூரண சம்மதங்க. நீங்களும் குடுத்த வார்த்தையக் காப்பாத்திட்டீங்க. மாறினது அவங்கதானே? இனி உங்களை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. எந்திரிங்க, திருச்சிக்குப் போகணும். தகப்பனார் வந்து சேர்த்துவிடணும்னு மடத்துல சொல்லியிருக்காங்க."

பாக்கியநாதன் வெகுநேரம் யோசித்தார். சபதம் நிறைவேறிவிட்டது. வாக்குத் தவறவில்லை. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஜெயித்தது அவர்தான். எங்கே தோற்றோம் என்றுதான் தெரியவில்லை. ஜெபமலர் மெதுவாக அருகில் வந்து, "அப்பா, நீங்க வராட்டி நானும் போகலப்பா" என்றாள். அவர் எழுந்துவிட்டார்.

திருச்சி மடத்தில் வயதான மதர் அவர்களை முன்னறையில் உட்காரவைத்து எலுமிச்சை ஷர்பத் கொடுத்தார். ஜெபமலரின் தலையைத் தடவினார். பிறகு பாக்கியநாதன் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். மகளுடைய படிப்புக்காக, தேடி வந்த நல்ல சம்பந்தத்தையே வேண்டாம் என்று உதறி, அதற்காக வீட்டை விட்டே வெளியேறிப் போராடிய தகப்பனாரை இதுவரை தான் பார்த்ததில்லை என்று கண் கலங்கச் சொன்னார்.

பாக்கியநாதன் வாயைத் திறந்தார். இன்னாசிமேரி அவருடைய டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஷர்பத் ஊற்றினாள். "என்னமோ மதர், ஏதோ நம்மால் ஆனது" என்றார் அவர்.