நிலுவையில் ஒரு புகார்

டிங்! டிங்! டிங்! மேசையிலிருந்த போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது.

"அக்கா, ராத்தூக்கம் வந்துட்டாரு!" என்று அலறினாள் புதிதாகச் சேர்ந்தவள்.

அந்த அக்காவை ஆபீஸில் எல்லாரும் 'பக்கத்துக்காரி' என்பார்கள். மின்விசிறிக் கம்பெனியின் சமூக வலைத்தளப் பக்கத்தைக் கட்டி மேய்ப்பவள் அவள்தான். வெள்ளிக்கிழமையோடு விலகி, கடல் தாண்டி ஒரு வேலைக்குப் போகிறாள். எந்தப் புகாருக்கு என்ன பதில், கோபக்காரரை எப்படித் தணிப்பது என்று எல்லாவற்றையும் புதியவளுக்காக எழுதி வைத்துவிட்டாள், ஒரே ஒரு ஆளைத் தவிர.

ஆண்டுவிழாவின்போது, 'உங்களுக்குப் பதில் சொல்பவர் இவர்தான்' என்று மானேஜர் அவள் படத்தைப் பக்கத்தில் போட்டார். மறுநாளே 'ராத்தூக்கம்' என்ற பெயரில் அந்த வாடிக்கையாளர் முளைத்தார். தினமும் காலையில் ஒரே புகார்: 'விசிறி சத்தம். தூக்கமில்லை.' முகவரி தரமாட்டார். மெக்கானிக் வேண்டாம் என்பார். இவள் பதில் போட்டதும் 'நன்றி' என்று அடங்கிவிடுவார்.

"புகாரை பாக்கி வச்சுட்டுப் போகக்கூடாதும்மா," என்றார் மானேஜர் கறாராக.

"நான் எழுதி வச்சபடியே நீ பதில் போடு," என்றாள் பக்கத்துக்காரி.

புதியவள் போட்டாள். உடனே வந்தது: 'இது யார்? பழைய ஆள் எங்கே?'

"எப்படிக்கா கண்டுபிடிச்சாரு?"

"கடைசியில பூப்படம் போட்டியா?"

"அழகா இருக்கட்டுமேன்னு..."

"தள்ளுங்க ரெண்டு பேரும்!" என்று மானேஜரே உட்கார்ந்து, 'சத்தம் போடும் விசிறிக்குப் புது விசிறி இலவசம்' என்று தட்டிவிட்டார். அவ்வளவுதான். ஊரிலுள்ள விசிறியெல்லாம் சத்தம் போட ஆரம்பித்தது. வேறு கம்பெனி விசிறிக்காரர்கள்கூட வரிசையில் நின்றார்கள். ராத்தூக்கம் மட்டும் எழுதினார்: 'எனக்கு விசிறி வேண்டாம். அந்தப் பெண் பதில் போட்டால் போதும்.'

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திட்டீங்களே சார்!" என்றாள் புதியவள்.

பக்கத்துக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவர் இவ்வளவு தேடுகிறார். பெற்ற அப்பாவோ, "கல்யாணத்தைவிட வேலைதான் பெரிசுன்னா என் மூஞ்சியிலயே முழிக்காதே" என்று சொல்லி, வீட்டையும் போன் நம்பரையும் மாற்றிக்கொண்டு போய்விட்டார். கிளம்புமுன் ஒரு தடவை குரலையாவது கேட்க, சித்தப்பாவிலிருந்து அத்தைவரை கெஞ்சிப் பார்த்தாள். நம்பரைத் தரக்கூடாதென்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார் மனுஷன்.

பெருமூச்சுடன் அவளே எழுதினாள்: 'ஐயா, வெள்ளிக்கிழமையோடு நான் வெளிநாடு போகிறேன். அதற்குள் உங்கள் விசிறியைச் சரிசெய்துவிட ஆசை.'

காபி ஆறிப்போன பிறகு ஒரு டிங். முகவரி! வேறொரு வார்த்தை இல்லை.

மூத்த மெக்கானிக் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்ததும் மானேஜரும் புதியவளும் காதைத் தீட்டிக்கொண்டு நெருங்கினார்கள்.

"என்னண்ணே, சத்தம் நின்னுச்சா?" என்றாள் பக்கத்துக்காரி.

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க விசிறியே இல்லம்மா, ஆண்டுவிழாவுக்கு நம்ம பக்கத்துல போட்ட உன் படத்தைப் பெரிசாக்கி மாட்டிட்டு, அதுக்குக் கீழ உட்கார்ந்திருக்காரு உங்கப்பா."