அத்திமரத்துக்குக் கம்பளி போர்த்தியவர்

குளிருக்குப் பயந்து காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்குக் குல்லா, கோழிக்குஞ்சுக்குச் சாக்கு, எல்லாம் பார்த்திருக்கிறேன். நல்லா வளர்ந்த ஒரு மரத்துக்குக் குளிருமே என்று கடைக்குப் போய்க் கம்பளி வாங்கி வந்து போர்த்திய மனுஷன் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அந்த ஒருத்தரும் குடியிருக்க வேறு இடமே கிடைக்காத மாதிரி ராயபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தார். இத்தனை வருஷம் ஆகியும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். தெருவுக்கு அவர் கம்பளி. வயசில் மூத்தவர் ஆச்சே என்று நான் மட்டும் முகத்துக்கு நேரே நைனா என்பேன். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வேன் என்பதைப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

துறைமுகத்தில் வின்ச்சு ஓட்டுகிற வேலை அவருக்கு. கப்பல் அடித்தட்டில் கிடக்கிற மூட்டைகளை மேலே தூக்குகிற மிஷின் அது. தனிக்கட்டை. குடிக்க மாட்டார், சீட்டு ஆட மாட்டார். இருந்த ஒரே கெட்ட பழக்கம் அந்த மரம்.

ஏதோ குளிர் தேசத்துக் கப்பலில் வந்த சமையல்காரன் அவருக்கு ஒரு குச்சி கொடுத்தானாம். சீமை அத்தி. அவன் பாஷை இவருக்குத் தெரியாது. இவர் பாஷை எவனுக்குமே தெரியாது. அதனால் மரத்தை எப்படி வளர்ப்பது என்று அவன் நடித்தே காட்டியிருக்கிறான். அதை நைனா எங்களுக்கு நடித்துக் காட்டுவார். முதலில் இரண்டு கையாலும் தன்னையே கட்டிக்கொள்வார். பிறகு பல்லைக் கடகடவென்று அடிப்பார். பிறகு வேட்டியை உருவாத குறையாக அங்கிருக்கும் தூணைச் சுற்றிச் சுற்றி வருவார், போர்த்துகிறாராம். கடைசியில் ஒரு பக்கெட்டை எடுத்துத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு அசையாமல் நிற்பார். அதுதான் மரம். கேட்டவர்களுக்கெல்லாம் காட்டுவார், கேட்காதவர்களுக்கும் காட்டுவார்.

அந்த ஊரில் குழாய்த் தண்ணீர் கல்லாகப் போகுமாம். போகட்டும். எங்கள் ராயபுரத்தில் குழாயில் தண்ணீர் வந்தாலே பெரிசு. மார்கழியில் கடல் பக்கமிருந்து கொஞ்சம் பனி இறங்கும், ஏழு மணிக்கெல்லாம் வெயில் முதுகைக் கடிக்கும். இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

“மேரிம்மா, நாமளே தலைக்கு மஃப்ளர் சுத்திக்கினு கீறோம். அதுக்கு மட்டும் இன்னா, தோலு இரும்புலயா கீது?”

முற்றத்தில் நட்ட குச்சி மரமாச்சு. கார்த்திகை பிறந்ததும் துறைமுகத்திலிருந்து வைக்கோலும் கோணிச்சாக்கும் வரும். அதைக் கட்டி, மேலே கருப்புக் கம்பளி சுற்றி, உச்சியில் பக்கெட்டைக் கவிழ்ப்பார். பக்கெட் யாருடையது என்கிறீர்கள்? என்னுடையது. நான் தண்ணீர் பிடிக்கிற ஜிங்க் பக்கெட். அவர் மட்டும் கிழிந்த பனியனோடு வெறுந்தரையில் படுத்திருப்பார்.

விடியக்காலையில் பார்த்தால் முற்றத்தில் யாரோ தலையில் பக்கெட்டோடு நிற்கிற மாதிரியே இருக்கும். பால்காரன் ஒரு வாரம் அதற்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனான். கிறிஸ்துமஸுக்குப் பாட்டுப் பாடி வீடு வீடாக வருகிற கூட்டம் ஒரு சாயங்காலம் வந்தது. உண்டியல் பிடித்திருந்தவன் அதன் முன்னால் போய் உண்டியலை நீட்டிக்கொண்டு நின்றான். ஒரு பாட்டு முழுக்க நின்றான். அப்புறம் என்னிடம் வந்து, “பெரியவரு ரொம்ப கிராக்கி பண்றாருக்கா” என்றான்.

சிரிப்பாகத்தான் இருக்கும் உங்களுக்கு. முற்றம் எனக்குச் சோறு போட்ட இடம். காசிமேட்டில் மீன் எடுத்து, உப்புப் போட்டு, அங்கே காயவைத்துக் கருவாடு விற்றுத்தான் இரண்டு பெண்களைப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். மரம் வளர வளர நிழல் என் கருவாட்டின் மேல் விழுந்தது. நிழலில் காய்கிற மீனில் புழு வைக்கும். சரி, நிழல் கொடுக்கிறாயே, ஒரு பழமாவது கொடுக்கிறாயா என்றால் மூன்று வருஷமாக ஒரு பிஞ்சு கிடையாது. பங்குனியில் அவர் கம்பளியை அவிழ்த்தால் உள்ளே ஓர் இலை இருக்காது. ஜுரத்தில் கிடந்து எழுந்தவன் மாதிரி நிற்கும். அது மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் மறுபடி கார்த்திகை வந்துவிடும்.

பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் பாயிடம் போனேன். யானைக்கவுனியில் அவருக்கு இரும்புக் கடை. முழுக்கக் கேட்டுவிட்டு, “அத்தியாம்மா? எங்க வேதத்துல ஆண்டவன் சத்தியம் வெச்ச மரமாச்சே அது” என்று தாடியைத் தடவினார்.

விடுவேனா. “எங்க ஆண்டவரு காய்க்காத அத்தியப் பாத்து இன்னா பண்ணாருன்னு தெரியுமா பாய்? ஒரே வார்த்த. வேரோட பட்டுப்போச்சு” என்றேன்.

இரண்டு வேதத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார். வருகிற ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பது. ஒரு பழம் பழுத்தாலும் மரம் இருக்கும். இல்லையென்றால் வெட்டிவிட்டு முற்றம் முழுக்க எனக்கே. நைனாவிடமும் ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. பக்கெட்டை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

அந்தக் கார்த்திகையில், கம்பளியை வெளியே எடுப்பதற்கு முன்னாலேயே, கப்பலில் மூட்டை சரிந்து அவர் கால் ஒடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, காலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் அவருடைய ஒரே கேள்வியோடு திரும்பி வந்தார்கள், மரத்தைக் கட்டியாச்சா என்று. கடைசியில் சோறு குழம்பு எடுத்துக்கொண்டு நானே போனேன். பகை வேறு, பசி வேறு.

நான் போன நேரம் நர்ஸம்மா அவரை அதட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகப் பார்த்தாராம், தொங்குகிற காலோடு. என்னைப் பார்த்ததும் பேச்சு வார்த்தை இல்லை என்பதெல்லாம் மறந்துவிட்டது.

“மேரிம்மா, கட்னியா?”

“கட்டிட்டேன் நைனா.”

“பக்கெட்டு?”

“கவுத்துட்டேன்.”

“யாருது?”

“என்னுதுதான். நீ படு.”

படுத்தார். படுத்த உடனே தூங்கிப்போனார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கொண்டுபோன சோற்றை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

கட்டினேனா? எனக்கு வேறு வேலை இல்லையா? கம்பளி அவர் பெட்டியில் மடித்தபடியே கிடந்தது.

பொங்கல் முடிந்து ஒரு நாள் கருவாட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். இலைக்காம்பு ஒவ்வொன்றின் பக்கத்திலும் பட்டாணி மாதிரி ஒரு பச்சைக் குமிழ். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வருஷா வருஷம் அது காய்க்கத்தான் பார்த்திருக்கிறது. இந்த மனுஷன்தான் கம்பளியைப் போட்டு அமுக்கி, உள்ளேயே வேகவைத்திருக்கிறார். மூன்று வருஷம் என் முற்றத்தை எடுத்துக்கொண்டு, அந்த மரத்தையும் மூச்சுவிட விடவில்லை. வந்த கோபத்துக்கு அங்கேயே உட்கார்ந்து திட்டினேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

ஒரு கை எட்டினால் போதும். அத்தனை பிஞ்சையும் கிள்ளிப் போட்டால் முற்றம் என்னுடையது. கேட்பாரும் இல்லை. கையும் எட்டியது.

கிள்ளவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், நானே என்னைக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

பிஞ்சு காயாச்சு, காய் கறுத்துப் பழுக்கத் தொடங்கியது. காக்காய்கள் வந்தன. கருவாட்டுக்கு மேலே விரிக்க என்னிடம் ஒரே ஒரு பழைய வலைதான் உண்டு. அதை எடுத்து மரத்தின் மேல் போட்டேன். காக்காய்கள் என்ன, பட்டினியா கிடக்கும்? என் கருவாட்டைத் தின்றன. நல்ல வஞ்சிரக் கருவாடு. அதுகளை விரட்டிக்கொண்டே மரத்தையும் சேர்த்துத் திட்டுவேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் நைனா கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து இறங்கினார். அன்றைக்கே பாயும் வந்தார், தீர்ப்புச் சொல்ல. தெருவில் பாதிப் பேர் முற்றத்தில் நின்றார்கள். நான் வலையை எடுத்தேன். நைனா ஒரு பழத்தைத் தொட்டுப் பார்த்தார். பறிக்கவில்லை. ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டே இருந்தார்.

அப்புறம் பாய் பக்கம் திரும்பி, “பாத்துகினியா பாய்? நானும் மூணு வருஷம் கட்னேன், ஒண்ணும் பிரயோஜனமில்ல. மேரிம்மா ஒரே தபா கட்டுச்சு, எப்டி காச்சிகீது பாரு. கம்பளின்னா கம்பளிதான், ஆனா கட்டுற கை வேணும்” என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எந்தக் கம்பளி? யார் கட்டினது? மீன் மார்க்கெட்டில் எடை குறைத்தவனை நாலு பேர் நடுவில் நிறுத்திக் கேட்டவள் நான். உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பாய் என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். நைனா கட்டையில் சாய்ந்துகொண்டு, ஒடிந்த காலைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“லூஸா கட்டணும் நைனா,” என்றேன். “காத்து போவணும். பிஞ்சு வந்துச்சின்னா அவுத்துடணும். நீ இனிமே தொடாத, நானே கட்டிக்கறேன்.”

அந்த வாரத்திலிருந்து கருவாட்டுக் கூடையை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏற ஆரம்பித்தேன். அவருடைய மரத்துக்காக விட்டுக்கொடுத்தேன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. கருவாட்டுக்கு மாடி வெயில்தான் நல்லது.