யாரு முழம்?

எனக்குத் தைக்கத் தெரியும் என்று ஒரு காலத்தில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிறுத்தியிருக்கலாம். அதை மாமியாரிடம் சொல்லியும் தொலைத்தேன்.

புக்கிட் செந்தோசாவில் நாங்கள் வாங்கிய முதல் வீட்டின் சாவி கைக்கு வந்திருந்த நேரம். விசிறி, விளக்கு, இரும்புக் கதவு என்று கையிலிருந்த பணமெல்லாம் கடைசி வெள்ளிவரை கரைந்துவிட்டது. திரைச்சீலைக்குக் (எங்கள் வாயில் லங்சீர்) கடைக்காரர் சொன்ன விலையில் இன்னொரு கதவே போட்டுவிடலாம் போலிருந்தது.

"நான் எடுத்துக் கொடுக்குறேம்மா," என்றார் மாமியார்.

"வேணாம் அத்தை, நானே தச்சிருவேன்."

கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையில் அவர் தம் மகனிடம் பேசியது என் காதில் விழுந்தது. "ஆபிஸ்ல உக்காந்து வேல செய்ற பொண்ணு. ஊசியில நூல் கோக்கத் தெரியுமாடா அதுக்கு?"

அந்த நிமிடமே லங்சீர் என் மானப் பிரச்சினையாகிவிட்டது. கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவர் என்னைக் கடிந்துகொண்டதே இல்லை. ஆனால், 'நல்லா செஞ்சிருக்க' என்றும் ஒரு நாள் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

தையல் மெஷின் அசாம் ஜாவாவில் என் அம்மா வீட்டில் இருந்தது. ஒரு வாரம் லீவு போட்டு அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டேன். கோலசிலாங்கூரில் மலிவு விலைக்குக் கிடைத்த மாம்பழ மஞ்சள் துணியைத் தரையில் விரித்து, கத்திரிக்கோலையும் எடுத்துவிட்டேன். அப்போதுதான் கதவை அளக்கவே இல்லை என்று உறைத்தது. புது வீட்டில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த கணவரை அழைத்தேன்.

"ஹால் கண்ணாடிக் கதவு எவ்ளோ உசரங்க?"

"டேப்ப சீலிங் போட்டவன் தூக்கிட்டுப் போயிட்டான்லா."

"அதனால என்ன? முழம் போட்டுச் சொல்லுங்க."

(இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ராவாங்கில் ஒரு தொழிற்சாலைக்குச் சாமான் வாங்கிப் போடுவதுதான் என் வேலை. திருகாணி ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பெட்டியோடு திருப்பி அனுப்புகிறவள் நான்.) ஆனால் என் அம்மா கோயிலுக்குப் பூ கட்டுகிறவர். அந்த வீட்டில் மல்லிகைச் சரத்திலிருந்து கொடிக்கயிறு வரை எல்லாமே முழக் கணக்குத்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது மில்லிமீட்டரையும் கழற்றி வைத்துவிடுவேன் போலிருக்கிறது.

"நாலரை முழம்," என்றார்.

நானும் நாலரை முழம் போட்டு, மடிப்புக்கு ஒரு சாண் கூடவே விட்டு வெட்டினேன். என்ன சாமர்த்தியம்! என் கணவர் ஆறடி. நான் மிளகாய்த்தூள் டப்பாவை எடுக்க நாற்காலி போடுகிறவள். இது ஊருக்கே தெரியும். அன்று எனக்கு மட்டும் தோன்றவில்லை.

தையல் புதுமனைப் புகுவிழாவுக்கு முந்தின நாள்தான் முடிந்தது. விடியற்காலையில் பால் காய்ச்சி முடிந்ததும், வாசல் பந்தலில் உறவுக்காரர்கள் இட்லித் தட்டோடு உட்கார்ந்தார்கள். வெகுநேரம் நின்றதில் மாமியாருக்கு முட்டி வலி. ஹாலில் பாயைப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த லங்சீர மாட்டி இழுத்து வுடுங்க. கொஞ்சம் தைலம் போட்டுக்கிறேன்."

கணவர் மாட்டினார். நான் அவரைத் தள்ளிவிட்டு, கடை திறக்கிற முதலாளி மாதிரி பெருமையாக இழுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். கீழே குனிந்து பார்க்கவில்லை.

வெளியே திடீரென்று பேச்சு நின்றது. பிறகு மாமியாரின் தம்பி குரல் கேட்டது.

"அக்கா! ரெண்டு முட்டியிலயும் வலியா, இல்ல வலது முட்டி மட்டுமா?"

ஓடி வந்தேன். துணி தரையிலிருந்து ஒன்றரை அடி மேலே நின்றது. அந்த இடைவெளி வழியாக, முழங்கால்வரை சேலையை ஏற்றித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பந்தலே பார்த்துக்கொண்டிருந்தது. ஐயோ, அந்த டைல்ஸ் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்!

மாமியார் சேலையை இறக்கிவிட்டு மெல்ல எழுந்தார். லங்சீரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு அளந்தது?"

"அவருதான் அத்தை. முழம் போட்டு."

"வெட்டுனது?"

"நான்தான். முழம் போட்டு."

மகனைக் கூப்பிட்டு, அவர் கைமேல் என் கையை வைத்து, முழங்கையோடு முழங்கை சேர்த்துப் பிடித்தார். அவர் விரல்கள் தொடங்குகிற இடத்தில் என் கை முடிந்துவிட்டது. மாமியார் சிரிக்க ஆரம்பித்தார். பாயில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

சிரித்து ஓய்ந்தபின் துணியின் ஓரத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். "தையல் என்னமோ நேராத்தான் இருக்கு," என்றார்.

அதன் அடியில் ஒன்றரை அடி பச்சைத் துணியை ஒட்டுப்போட்டுத் தைத்தேன். இன்றும் அப்படியேதான் தொங்குகிறது. எங்கள் குடும்பத்தில் யாராவது "அஞ்சு நிமிஷத்துல வந்துருவேன்" என்றாலும், "கொஞ்சம்தான் காரம்" என்றாலும், உடனே யாராவது கேட்பார்கள்: "யாரு முழம்?"

போன மாதம் மாமியார் அழைத்தார். "ஜன்னலுக்கெல்லாம் லங்சீர் மாத்தணும்மா. கடைத் துணி வேணாம். நீ தச்சுக் குடு."

உடனே தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டேன்.

"அளவு சொல்லுங்க அத்தை."

"அதெல்லாம் சொல்ல மாட்டேன். டேப்ப எடுத்துக்கிட்டு நீயே வா. ரெண்டு நாளு தங்குற மாதிரி வா."