கதியால் மேயர்

மூன்று மாதம் ஆட்சி நடத்தி, பதினொரு வீடுகளை மட்டும் கட்டி, அதற்காக ஒருநாள்கூட வெட்கப்படாத மேயர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவருடைய நகரம் சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான டீட்டிகோனில் எங்கள் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினிக்குள் இருந்தது. அவருடைய சொந்தப் பெயரை எழுதினால் சூரிச் மாநிலத்தில் ஒரு தமிழருக்கும் ஆளைத் தெரியாது. கதியால் மேயர் என்றால் மறுகோடியிலிருக்கும் ஊஸ்டர் நகரம் வரைக்கும் தெரியும்.

கதியால் என்றால் என்னவென்று கேட்கும் வாசகர்களுக்கு: வேலி அடைப்பதற்காகக் காணி எல்லையில் நடுகிற தடி. அதை அரையடி தள்ளி நட்டதற்காக மூன்று தலைமுறை முகம் பார்க்காத குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. இந்தப் பின்னணியோடு ஒரு மனிதர் சுவிசுக்கு வந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

ஒரு சனிக்கிழமை நானும் அவரும் பொதிகள் பிரிக்கும் களஞ்சியத்தில் வேலை முடிந்து நடந்து வந்துகொண்டிருந்தோம். வழியில் ஒரு வெறுங்காணி. அதன் நான்கு மூலையிலும் நெட்டையான கம்பங்கள். அதில் ஒன்று சரிந்து நின்றது. அண்ணை நின்றுவிட்டார்.

“பார்றா தம்பி. கதியால் நட்டுப்போட்டு வேலி அடைக்காமல் போட்டினம்.”

“விடுங்கோ அண்ணை. எங்கடை காணியே?”

“ஆற்றை காணியெண்டாலும் சரிஞ்ச கதியாலைப் பார்த்துக்கொண்டு போகேலாது.”

சொல்லி முடிப்பதற்குள் உள்ளே இறங்கி, கம்பத்தைக் கட்டிப்பிடித்து நிமிர்த்தி, அடியில் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டிலிருந்து ஒரு சுவிஸ் அம்மா நாயோடு வந்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஓடியிருக்கலாம். பொறுமையாக விளக்கினார். மாலை வகுப்பில் படித்த என் டொச்சை, அதாவது அரைகுறை ஜெர்மன் மொழியை, வைத்துக்கொண்டு நான் மொழிபெயர்த்தேன்.

அது வேலி அல்ல; வரப்போகிற கட்டடத்தின் உருவம். எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று ஊர் பார்ப்பதற்காக முதலில் கம்பம் நடுவார்கள். பார்த்தவர்களில் பாதிக்கப்படுகிற யாரும் இருபது நாளுக்குள் ஆட்சேபனை எழுதலாம். அதுவரை ஒரு கல்லையும் வைக்கமுடியாது. இதைச் சொன்ன பிறகு அந்த அம்மா, கம்பத்தை முன்பு இருந்தபடியே திரும்பச் சரித்துவிடும்படி கேட்டார். தொட உரிமை உள்ளவர் அளவையாளர் மட்டுந்தானாம். “லிங்ஸ், இன்னும் கொஞ்சம் லிங்ஸ்” என்று அவர் சொல்லச் சொல்ல, அண்ணை கம்பத்தை அழாக்குறையாக இடதுபக்கம் சரித்தார்.

லிம்மாட் ஆற்றுப் பாலம் வந்தது. பாலத்தின் நடுவில் நின்றார்.

“கட்டுறதுக்கு முதல் ஊரைக் கேக்கிறாங்களடா!”

வீட்டு வாசலில் இன்னொரு தடவை சொன்னார். சப்பாத்தைக் கழற்றும்போது இன்னொரு தடவை. அவருக்குள் அந்த யோசனை விழுந்த இடம் அதுதான்.

நான் அப்போது நகரம் கட்டுகிற விளையாட்டில் மூழ்கிக் கிடந்த காலம். எதிரி இல்லை, சண்டை இல்லை, வென்று முடிகிற வேலையும் இல்லை. வீதி போட்டு, மின்சாரம் இழுத்து, குடியிருப்புக்கு இடம் ஒதுக்கினால் சனம் தானாக வந்து குடியேறும். அதுவரை அந்தத் திரையைத் திரும்பியும் பார்க்காத மனிதர் அன்று கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்தார்.

“உந்த வீட்டைக் கட்ட ஆரைக் கேட்டனீ?”

“ஆரையும் கேக்கத் தேவையில்லை அண்ணை. மவுசை அமத்தினால் வரும்.”

“அப்ப எழும்பு.”

எழுந்தேன். அன்றைக்குப் போன நாற்காலி மூன்று மாதத்துக்குத் திரும்பவில்லை.

அவர் நகரம் கட்டிய விதம் இது. ஒரு வீடு கட்ட வேண்டுமென்றால் முதலில் கணினியை நிறுத்திவைப்பார். சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்து நகரத்தின் படத்தைக் கீறுவார். ரொட்டிக்குக் குழைத்த மாவில் ஒரு உருண்டையைத் தட்டையாக்கி, வீடு வரப்போகிற இடத்தில் வைத்து, நான்கு நெருப்புக்குச்சிகளை நடுவார். பிறகு பிரிட்ஜ் கதவில் அறிவித்தல் ஒட்டுவார். ஆட்சேபனை உள்ளவர்கள் இருபது நாளுக்குள் எழுத்தில் தரவும். விளையாட்டு நாள் அல்ல, நிஜமான இருபது நாள்; ஒரு அறிவித்தலில் மூன்று வீடு வரை போகும்.

ஆட்சேபிக்க உரிமையுள்ள பொதுமக்கள் இரண்டு பேர். நான் ஒருவன். மற்றவர் எங்களோடு இருந்த மன்னார்க்காரர், உணவகமொன்றில் சமையல்காரரான மரியான் அண்ணை. அவருக்கு ஆட்சேபிப்பது வெறித்தனமாகப் பிடித்துப்போயிற்று.

“கோயிலும் இல்லை, தேவாலயமும் இல்லை. இந்த ஊருக்கு என்னத்துக்குப் பொலிஸ் நிலையம்?”

“உந்த விளையாட்டிலை தேவாலயம் இல்லை மரியான்.”

“அப்ப பொலிசும் வேண்டாம். எழுதித் தாறன்.”

எழுதிக் கொடுத்தார். மேயர் அதை இரண்டு தரம் வாசித்து, ஏற்றுக்கொண்டு, பொலிஸ் நிலையத்துக் குச்சிகளைப் பிடுங்கினார். திரையில் களவு கூடுகிறது என்று எச்சரிக்கை வந்தது.

“பதினொரு வீட்டிலை ஆரடா களவெடுக்கிறது? இந்த வீட்டிலை கோழிப்பொரியல் எடுக்கிறவன்தான்,” என்று என்னைப் பார்த்தார்.

பிரிட்ஜ் கதவில் மேயரின் அறிவித்தல்களுக்குப் பக்கத்தில் வேறொரு வரிசையும் வளர்ந்துகொண்டிருந்தது. அவருடைய மனைவியும் ஏழு வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார்கள். அவர்களைக் கூப்பிட அனுமதி கிடைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஒன்றுதான் குறை: குடும்பம் இருக்கப் போதுமான வீடு உண்டென்று பங்குனி முடிவதற்குள் வாடகை ஒப்பந்தம் காட்டவேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அவர் எழுதிய வீடுகளிலிருந்தெல்லாம் மெல்லிய உறைகள் வந்தன. மெல்லிய உறை என்றால் ஒற்றைத்தாள், ஒற்றைத்தாள் என்றால் இல்லை. ஒவ்வொன்றையும் பிரிட்ஜில் ஒட்டிவிட்டு மேசைக்கு வந்து குச்சி நடுவார். தன் நகரத்துக்கு வந்த ஒரு குடும்பத்துக்கும் அவர் இல்லை என்று சொன்னதில்லை. நாள்தான் எடுத்தார்.

எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. இந்த வேகத்தில் போனால் விமான நிலையம் பார்க்க என் பேரப்பிள்ளை வரவேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை மேயருக்குப் பகல் வேலை, எனக்கு லீவு. வேகத்தைக் கடைசிப் படியில் வைத்தேன். நெடுஞ்சாலை போட்டேன், விமான நிலையம் போட்டேன், அடுக்குமாடிகள் முளைத்தன. நெடுஞ்சாலை நேராகப் போவதற்குக் குறுக்கே நின்ற நான்கு சின்ன வீடுகளை இடித்தேன். எதிர்பார்க்கும் சனத்தொகை குதித்தது. பாராட்டுவார் என்றே நினைத்தேன்.

அவர் வந்து, யக்கெட்டைக்கூடக் கழற்றாமல் திரையைப் பார்த்தார்.

“இந்த இடத்திலை நாலு வீடு நிண்டது.”

“ஓம் அண்ணை. றோட்டுக்காக எடுத்தனான்.”

“அதிலை இருந்த சனம் எங்கை?”

“அண்ணை, அது கொம்பியூட்டர். சனம் இல்லை, இலக்கம்.”

“எங்கை போச்சினம் எண்டு கேக்கிறன்.”

பழைய நகரம் பிளொப்பித் தட்டில் இருக்கிறது, ஒரு நிமிடத்தில் திரும்ப எடுத்துவிடலாம் என்றேன். தலையை ஆட்டினார்.

“இடிச்சுப்போட்டு, இடிக்கவேயில்லை எண்டு சொல்லுறதோ? அது கூடாது.”

ஊரைக் கேளாமல் போட்ட நெடுஞ்சாலையும் விமான நிலையமும், இன்னும் ஆள் ஏறாத அடுக்குமாடிகளும் போயின. நான்கு வீடு நின்ற இடம் புல்வெளியாகவே விடப்பட்டது. அங்கே இருந்தவர்களுக்கு நான் டொச்சில் மன்னிப்புக் கடிதம் எழுதவேண்டி வந்தது. இலக்கணப் பிழை திருத்தி இரண்டாம் முறையும் எழுதி, பிரிட்ஜில் ஒட்டினேன். மரியான் அண்ணை ஒரு வாரம் அதை உரத்து வாசித்துக்கொண்டே பால் எடுத்தார்.

பங்குனியில் பத்து நாள் மிச்சமிருந்தபோது ஊஸ்டரில் ஒரு வீட்டுக்காரர் வந்து பார்க்கச் சொன்னார். ஓய்வுபெற்ற ரயில்காரர், கீழே தனியாக இருந்தார், மேல்மாடி வாடகைக்கு. மொழிபெயர்ப்பாளனாக நான் போனேன். படிக்கட்டில் சப்பாத்து வைப்பீர்களா, ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்ப்பீர்களா என்று கேட்டார். இல்லை, இல்லை. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அண்ணை யன்னல் பக்கம் போனார்.

வெளியே பக்கத்துப் புல்வெளியில் கம்பங்கள் நின்றன.

“இருபது நாள் முடிஞ்சுதோ எண்டு கேள்.”

கேட்டேன். வீட்டுக்காரரின் முகம் சிவந்தது. முடியவில்லை, அந்தக் கட்டடம் தன் பின்னேர வெயிலைத் தின்னப்போகிறது, ஆட்சேபனைதான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று பொரிந்து தள்ளிவிட்டு, ஒரு ஆதரவுக்காக அண்ணையைப் பார்த்தார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: “ஓம் எண்டு சொல்லுங்கோ அண்ணை. வெயில் போகுமெண்டு சொல்லுங்கோ. காலிலை விழுந்து கேக்கிறன்.”

அவர் கம்பங்களைக் கண்ணால் அளந்தார்.

“மூண்டு மாடி. ஆறு குடும்பம் இருக்கலாம். வீடு தேடி வந்த நான் அந்த ஆட்சேபனைக்கு எப்பிடியடா ஓம் எண்டு சொல்லுறது?” பிறகு, “வெயில் போகுதோ எண்டு பார்த்திட்டுக் கதைப்பம். கொஞ்ச மாவும் நெருப்புக்குச்சியும் தரச் சொல்லு,” என்றார்.

வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான மொழிபெயர்ப்பு அதுதான். வீட்டுக்காரர் என்னை இரண்டு முறை திரும்பச் சொல்லவைத்தார். மாவு இல்லை. உள்ளே போய் ஒரு கட்டி சீஸ் கொண்டுவந்தார். அண்ணை அதில் குச்சிகளை நட்டார். வீட்டுக்கு ஒரு தீப்பெட்டி, பின்னால் விறகுக் கொட்டிலுக்கு ஒரு சீனிக்கட்டி. வீட்டுக்காரரிடம் ஒரு டோர்ச்சை வாங்கி, சூரியனைப்போல மேற்கே மெல்ல இறக்கினார். நிழல் நீண்டது, சரிந்தது, சீனிக்கட்டியில் போய் நின்றது. தீப்பெட்டியைத் தொடவில்லை.

“வெயிலைத் தின்னேல்லை. விறகுக் கொட்டிலைத்தான் மறைக்குது எண்டு சொல்லு.”

வீட்டுக்காரர் டோர்ச்சைப் பறித்துத் தானே பிடித்துப் பார்த்தார். கோடைகாலத்துக்கு ஒருதரம், மார்கழிக்கு ஒருதரம். அரை மணித்தியாலம் இரண்டு பேரும் சீஸைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். கடைசியில் கைகொடுத்து, அறிவிப்பேன் என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வரும் ரயிலில் நான் வெடித்தேன். “நாங்கள் வீடு கேட்டுப் போனனாங்கள் அண்ணை. நீங்கள் அந்தாளின்ரை வழக்கைத் தோக்கடிச்சுப்போட்டு வாறியள்!”

“வழக்கில்லையடா. நிழல் எங்கை விழுதெண்டு காட்டினனான்.”

அவருடைய கையில் சீஸ் மணத்தது. யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “சின்ன அறையிலை ஒரு யன்னல் இருந்தது, கண்டனியே? பிள்ளைக்கு எட்டும்,” என்றார்.

ஆறாம் நாள் உறை வந்தது. தடித்த உறை. அண்ணை அதைத் தொடவில்லை. பிரிட்ஜுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். மரியான் அண்ணைதான் மீன் வெட்டுகிற கத்தியால் கிழித்தார். உள்ளே ஒப்பந்தம், கூடவே கையெழுத்தில் ஒரு துண்டு: “கொட்டிலை அளந்து பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. ஆட்சேபனையைக் கிழித்துவிட்டேன். மிச்சச் சீஸைச் சாப்பிட்டேன், குச்சி ஒன்று பல்லில் பட்டது.”

வைகாசியில் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். புது வீட்டில் கட்டில் எங்கே போடுவது என்று மேயர் பிரிட்ஜில் அறிவித்தல் ஒட்ட, மகள் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆட்சேபனை எழுதிக் கொடுத்தாள். யன்னலுக்குக் கீழே வேண்டுமாம். உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது. இருபது நாள் விதி மீறப்பட்டது சரித்திரத்தில் அந்த ஒரு தடவைதான்.

நகரத்தைப் பிளொப்பியில் போட்டு என்னிடம் தந்துவிட்டுப் போனார். போன ஞாயிறு அதைத் திறந்தேன். ஏழு வீடுகள் நிற்கின்றன. நான் இடித்த நான்கின் இடம் இன்னும் புல்வெளிதான். அந்த நான்கையும் திரும்பக் கட்டப்போகிறேன். மா குழைத்தாயிற்று, குச்சிகள் நட்டாயிற்று, பிரிட்ஜில் அறிவித்தலும் ஒட்டியாயிற்று. வந்து பாருங்கோ என்று தொலைபேசியில் சொன்னேன். வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம், பார்ப்பம் என்றார். அவர் இந்தப் பக்கம் வந்து மாதக்கணக்காகிறது.

அதனால் ஒரேயொரு குச்சியை மட்டும் வேண்டுமென்றே இடதுபக்கம் சரித்து நட்டிருக்கிறேன். அதை மரியான் அண்ணை அவரிடம் சொல்லியும்விட்டார். இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.