ஒற்றை ஸ்ட்ரோபெரிக்கு அழகுமுத்து தொடுத்த பெரும்போர்

முகில் தவழும் முகடுகளும், முகடுகளைப் போர்த்திய தேயிலைச் சரிவுகளும், அச்சரிவுகளில் ஏறியிறங்கியே முழங்கால் தேய்ந்த மாந்தரும் செறிந்த நானுஓயாப் பெருநாட்டில், தொழிலாளர் குடியிருப்பின் கடைக்கோடியாம் தொங்கல் லயத்துக் கோமான், கவ்வாத்துக் கத்தி ஏந்திய கரத்தினன், படங்குச் சாக்கைக் கவசமாய்ப் பூண்ட தோளினன், ஐந்தடிக்குச் சற்றே குறைந்த நெடியோன், அழகுமுத்து நீடூழி வாழ்க. கலைமகளே, அவன் புகழ் பாட நாவில் வந்தமர்வாய். வேறு வேலை இருந்தால் அதையே முதலில் பார். இது கொஞ்சம் சின்ன விஷயந்தான்.

போர் மூண்ட காரணம் கேளீர். பொங்கலுக்குச் சேலை எடுக்க நுவரெலியா டவுனுக்குப் போன நாளில், கண்ணாடிக் கோப்பையில், கிரீம் குன்றின் உச்சியில் செம்மணியென வீற்றிருந்த ஸ்ட்ரோபெரியைச் சுற்றுலா வந்த ஒருவர் கரண்டியால் பிளந்து உண்பதை வீரனின் மனைவி பூரணி கண்டாள். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிய நாள்முதல் இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்டறியாத அப்பெருமாட்டி, "அது எப்படித்தான் இருக்குமோ" என்று மட்டும் சொன்னாள். விலைப்பலகையை நோக்கிய வீரனின் விழி ஒருகணம் பிதுங்கியது. மறுகணம் நெஞ்சு நிமிர்த்தி, தெருவே திரும்பிப் பார்க்க முழங்கினான்:

"காசு குடுத்து வாங்கித் திங்க நாம என்ன வெள்ளக்காரனா? என் கையால வளத்து, என் கையால பறிச்சு ஒனக்குத் தரல, நான் அழகுமுத்து இல்ல."

"சரிங்க, மொதல்ல பஸ்ஸப் புடிங்க" என்றாள் பூரணி. ஆயினும் அவள் முகத்தில் ஒரு சிறு வெளிச்சம் வந்து போனதை வீரன் பார்த்துவிட்டான். பார்த்துத் தொலைத்ததால்தான் இத்தனை வினையும்.

உரக்கடை நஸார் நானா ஈந்த நாற்றுகளை, தன் லயத்து வீடாம் காம்பராவின் பின்புறம், கக்கூசுக்கும் தண்ணீர்ப் பீலிக்கும் இடையே ஒரு பாய் விரித்தாற்போல் பரந்து கிடந்த பேரரசில் வரிசை பிடித்து நட்டான். மழை பெய்தது. பெய்யவே, புளியாரைப் படையும் அறுகம்புல் சேனையும் பெயர் தெரியாத குறுநில மன்னர் பலரும் கொடி உயர்த்திப் புகுந்தனர். நம் வீரனோ தேயிலையை வெட்டி வெட்டியே வயதானவன். எந்தச் செடியும் மட்டமாய் வெட்டினால் செழித்துத் துளிர்க்கும் என்பதே அவன் கற்ற ஒரே வேதம். ஆகவே கத்தியைச் சுழற்றி, இது களை, இது பயிர் என்னும் பேதம் பாராத சமதர்மியாய், பாத்தி முழுவதையும் ஒரே மட்டமாய்க் கவ்வாத்துச் செய்து முடித்தான். களைகள் அந்த வாரமே நன்றியுடன் துளிர்த்தன. ஸ்ட்ரோபெரிகளில், கத்தி எட்டாத கல்லோரத்து ஒற்றைச் செடி தவிர, ஒன்றும் எழவில்லை.

"ஏங்க, ஸ்ட்ரோபெரிய வெட்டிப்புட்டு புல்லுல்ல வளக்குறீங்க" என்றாள் பூரணி. "நம்மகிட்ட ஒரு மாடுகூட இல்லையே."

அன்றுமுதல் வீரன் கத்தியைத் துறந்தான். மலையில் வேலை முடிந்ததும் மண்ணில் குந்தி, விரலாலேயே களை பறித்தான். ஒற்றைச் செடி ஒற்றை வெண்பூப் பூத்து, ஒற்றைப் பிஞ்சும் பிடித்தது. உடனே வந்தன நத்தைகள்: கேடயத்தைத் தாமே சுமந்து, தம் எச்சிலாலேயே ராஜபாட்டை அமைத்து, அவசரம் என்ற சொல்லையே அறியாது முன்னேறும் அஞ்சாச் சேனை. இலைகள் சல்லடையாயின. மிதித்தொழிக்கக் காலைத் தூக்கினான் வீரன். தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. நத்தை கொம்பு நீட்டி அவனைப் பார்த்தது. மலைமலையாய்த் தேயிலையை மொட்டையடித்த மாவீரனுக்கு ஒரு நத்தையை நசுக்க மனம் வரவில்லை. நாடுகடத்தல் என்று தீர்ப்பளித்து, கைதிகளைப் பால்மா டின்னில் இட்டு, வேலிக்கு அப்பால், பக்கத்துக் காம்பராச் செல்லசாமியின் கோவா என்னும் முட்டைக்கோசுச் செடிகளுக்கிடையே நோகாமல் இறக்கிவிட்டான்.

மறுநாள் அதே தொகை நத்தைகள் பாத்தியில் இருந்தன. அவற்றையும் கடத்தினான். மறுநாளும் வந்தன. இக்குலத்துக்கு முடிவே இல்லையோ என்று மலைத்தவன், ஒரு மாலை, மூடுபனியினூடே டின்னும் கையுமாய் வேலியை நெருங்க, எதிர்த்திசையிலிருந்து இன்னொரு டின்னும் கையுமாய்ச் செல்லசாமி வந்து நின்றான். இரு வேந்தரும் எதிரெதிர் நின்றனர். காற்று அடங்கியது.

"என்னண்ணே, கையில?"

"ஒண்ணுமில்ல. நீ என்னடா வச்சிருக்க?"

"கோவாவுல கெடந்துச்சுண்ணே. கொல்ல மனசு வரல. ஒங்க பக்கம் வெறும் புல்லுதானேன்னு…"

"புல்லா? பூரணிக்குன்னு நான் வளக்குற ஸ்ட்ரோபெரிடா அது."

செல்லசாமி எட்டிப் பார்த்து, நெடுநேரம் தேடினான். "எதுண்ணே?"

வரலாறு காணா உடன்படிக்கை அக்கணமே எழுந்தது. இரு டின்களும் ஒன்றுசேர்ந்து துரை பங்களாவின் ரோஜாத் தோட்டம் சென்றன. அங்கே இடமும் தாராளம், சம்பளத்துக்குத் தோட்டக்காரனும் உண்டு.

நிலத்தில் அமைதி திரும்பியது. வானத்துக்கு யார் வேலி போடுவது? பிஞ்சு பருத்து ஒரு கன்னம் சிவந்த அன்று, கொண்டைக்குருவி ஒன்று தகரக் கூரையில் அமர்ந்து தலையைச் சாய்த்தது. இன்னும் சில நாள் விட்டால் முழுதும் சிவந்து இனிக்கும் என்பது அழகுமுத்துவுக்குத் தெரியும், குருவிக்கும் தெரியும். விடிந்தால் கணவனும் மனைவியும் மலைக்குப் போயாக வேண்டும், காவலுக்கு ஆளில்லை. காம்பு நோகாமல் வீரன் அதைப் பறித்தான்.

நனைந்த கூடையோடு வந்த பூரணியின் முன், அவளுக்காக விரலால் களை பறித்தவனும் நத்தைக்கும் இரங்கியவனும் வானத்தையே சந்தேகித்தவனுமாகிய அழகுமுத்து, தேத்தண்ணீர்க் கோப்பையின் தட்டில் பாதி சிவந்த அச்செம்மணியை வைத்து நீட்ட, விண்ணவர் மலர்மாரிக்கு ஆயத்தமாக, மலைகள் மூச்சடக்க, அவள் பாதியைக் கடித்தாள். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. வீரன் உலகமே முடிந்ததுபோல் நின்றான்.

பூரணி உள்ளே போய் உப்பும் மிளகாய்த்தூளும் எடுத்து வந்து, மீதியைத் தொட்டுத் தின்றுவிட்டு, "இப்ப நல்லாருக்குங்க" என்றாள்.