பிரஷர் இறங்கும் சத்தம்

"டக்" என்றது இயந்திரம். ஜோஸ்வா வெடுக்கென்று அதைத் திரும்பிப் பார்த்தான்.

தியாகதுருகத்தில் பம்புசெட் மோட்டார் பழுது பார்ப்பவன் அவன். ஸ்டெபிலைசர் டக்கென்றால் கரண்ட் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பத்து வருட அனுபவம்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டர். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், முழு விழிப்போடு படுத்திருந்தாள் அவன் மனைவி செலினா. நெஞ்சுக்கு நேரே பச்சைத் துணித் திரை. அந்தப் பக்கம் அறுவை. இந்தப் பக்கம், அவள் தலைமாட்டில், தொப்பியும் முகக்கவசமுமாக ஜோஸ்வா.

"இந்த ஊசிக்கு பிரஷர் சட்டுனு இறங்கும். மெஷினே பாத்து மருந்து ஏத்திக்கும். நீங்க பேச்சு குடுத்துக்கினு இருங்க," என்றிருந்தார் மயக்க டாக்டர் டயானா.

பேச்சுதான் வினையாகிவிட்டது.

"எங்க அம்மா வூட்ல ஆறு மாசம் இருந்துட்டு வரேங்க," என்றாள் செலினா.

"மூணு மாசம்னுதான பேச்சு?"

டக்.

"சரி, ஆறு மாசம். மனச அலட்டிக்காத."

"கொழந்தைக்கு எங்க அப்பா பேரு."

"கிறிஸ்துதாஸா? பொண்ணு பொறந்தா இன்னா பண்ணுவ?"

டக்.

"பொண்ணா இருந்தாலும் கிறிஸ்துதாஸ்தான்."

"படுக்கற ரூம்ல கெடக்குற மோட்டாருங்க?"

"அது ரிப்பேருக்கு வந்தது செலினா, வேற எங்க..."

டக்.

"வூட்டுக்குப் போனதும் வெளிய தூக்கிடறேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் அவள் காதருகே குனிந்தான்.

"பி.எட். படிக்கணும்னியே, சேத்து விடறேன். சோறு நான் ஆக்கறேன்."

டக்.

"இன்னும் இன்னா வேணும்னு கேளு தாயி. நீ நல்லாயிருந்தா போதும் எனக்கு," என்றான் ஜோஸ்வா. முகக்கவசம் நனைந்துவிட்டது.

திரைக்கு அப்பால் குழந்தை வீறிட்டது.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்க. அம்மாவுக்கு பிரஷர் ஆடவே இல்ல," என்றார் டயானா.

ஜோஸ்வாவுக்கு உயிர் வந்தது. துடைத்த குழந்தையைக் கொண்டுவந்து காட்டிய நர்ஸ் ஷாலினியிடம் மெதுவாகச் சொன்னான்: "பிரஷர் இறங்கி அது டக்குங்கறப்பல்லாம் நான் ஒத்துக்கினே வந்தேன் சிஸ்டர். இல்லனா இன்னா ஆயிருக்குமோ."

"இறங்கறதுக்கு இல்லண்ணா, கையில கட்டுன பட்டையில நிமிஷத்துக்கு ஒருக்கா காத்து ஏறுற சத்தம் அது," என்றாள் ஷாலினி. "நேத்தே அக்காகிட்ட சொன்னனே, இந்த டேபிள்ல படுத்தா செவுத்து கடியாரம் தெரியுமான்னு கூட கேட்டாங்க."