நூற்று மூன்று மொட்டை விசைகள்

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்று இருபதுக்கு, என் மச்சினனை எழுத்தறியாதவனாக்கிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

காரணத்தைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே மேசை. மாலை நாலு மணிவரை வீட்டுக்காரி அதில் தைப்பாள். நாலிலிருந்து ஏழுவரை அது எனக்கு. நான் எழுதிவைத்த மழை அளவு நோட்டுகள் பதினொன்று. அவற்றைக் கணினியில் ஏற்றவேண்டும். இரண்டு முடித்திருந்தேன். அப்போதுதான் வீட்டுக்காரியின் தம்பி, நில அளவையர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, சுயசரிதை எழுத வந்தான். மூன்று மாதமாக நாலு மணிக்கு என் நாற்காலியில் அவன். நான் அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஒரு மாலைக்கு நூற்றுநாற்பது நடை. கால் நின்றாலும் மனம் நிற்கவில்லை.

கீபோர்டு, மகள் வாங்கித் தந்தது. மெக்கானிக்கல் வகை. தமிழ் எழுத்தும் அச்சிட்ட விசை மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றலாம். மச்சினன் எழுத்தைத் தேடித் தேடி ஒற்றை விரலால் குத்துகிறவன். எழுத்தே இல்லாவிட்டால்?

முதலில் நான் பார்க்காமல் அடிக்கப் பழகினேன். கீபோர்டை மடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு, பத்தொன்பது நாள். அடிப்பது, துண்டைத் தூக்கிப் பார்ப்பது.

"குளிருதாங்க?" என்றாள் வீட்டுக்காரி, தையலிலிருந்து தலையைத் தூக்காமல்.

"லேசா."

இருபதாம் நாள் மச்சினன் பல் பிடுங்கிக்கொண்டு படுத்தான். இரண்டு நாள் வரமாட்டான். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் தொடங்கினேன். யாரும் தொடாத ஒரு மூலை விசையின் மூடி, சப்பிய மிட்டாய் போல இளகியது. நிறுத்திவிட்டுப் பற்பசைக்கு மாறினேன். ஸ்பேஸ் விசையில் எழுத்து கிடையாது. மொத்தம் நூற்றுநாலில் மிச்சம் நூற்றிரண்டு. மூடிக்கு நாலு நிமிடம். ஆறு மணி நாற்பத்தெட்டு நிமிடம் தேய்த்தேன்.

பிறகு, தேய்த்த மூடிகளைப் போட்டுவைத்த கிண்ணத்தைப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன்.

"என்னங்க தேடுறீங்க?"

"இதுல 'க' எதுன்னு தெரியல."

"எதை அங்க மாட்டுறீங்களோ அதுதான் 'க'."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

அரை மணி நேரம் கழித்து எனக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள் நாலு மணிக்கு, வீங்கிய கன்னத்தோடு மச்சினன் வந்தான்.

"அத்தான், எழுத்தெல்லாம் எங்க?"

"தேய்ஞ்சுபோச்சு. மூணு மாசமா நீ குத்தின குத்து அப்படி."

குத்திப் பார்த்தான். திரையில் வந்ததை எந்த மொழியிலும் சேர்க்க முடியாது.

"அக்கா, நம்மால ஆகாதுக்கா," என்று எழுந்தான். நான் உட்கார்ந்தேன். சுகமாக இருந்தது. சரியாக நாற்பது விநாடி.

"நீ எதுக்குடா அடிக்கணும்?" என்றாள் வீட்டுக்காரி. "நீ சொல்லு. அவர் அடிப்பாரு."

"நானா? எனக்கும் எழுத்தைப் பார்த்தாத்தான் வரும்."

"அப்ப எதுக்கு உக்காந்தீங்க?"

மேசைக்கடியில் நோட்டைத் தேடுவதுபோலக் குனிந்தேன்.

"சரி, ஒரே ஒரு வரி அடிங்க. தப்பா வந்தா உங்களை விட்டுடறேன். 'என் தம்பி நல்லவன்.'"

பத்து எழுத்து. அதில் ஒன்று தப்பினால் நானும் தப்பினேன். விரலை வேண்டுமென்றே தள்ளி வைத்தேன். ஆனால் நான் முப்பத்தொரு வருடம் கிடங்குப் பதிவேடு எழுதியவன். அதில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. தப்பென்று தெரிந்தே ஒன்றை வைக்கக் கை வரவில்லை. தள்ளி வைத்த விரல் தானாகத் தன் இடத்துக்கு வந்தது. தலை நிமிர்ந்தபோது திரையில் அவள் தம்பி நல்லவனாக இருந்தான். முற்றுப்புள்ளியும் வைத்திருந்தேன்.

"புள்ளிகூட மறக்கல பாருடா," என்று அவள் இன்னொரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டாள்.

மச்சினன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வசதியாகச் சாய்ந்தான்.

"அத்தான், ஒவ்வொரு எழுத்தா தேடணுமேன்னு இவ்வளவு நாளும் ரொம்பச் சுருக்கி எழுதிட்டேன். முதல்லேருந்து ஆரம்பிப்போமா?"